அடிக்கப்படாத முதல் மணி

பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் சொற்போர் நடக்கும் நாள்களில் நேரக்காப்பாளரின் மேசைமீது ஒரு பித்தளைக் கைமணி இருக்கும். அதன் மரப்பிடி எப்போதோ பிளந்து, கறுப்பு டேப்பால் சுற்றப்பட்டிருந்தது. பேச்சாளருக்கு ஒரு நிமிடம் மீதமிருக்கையில் அது ஒரு முறை ஒலிக்கும். நேரம் முடிந்ததும் இரு முறை. முதல் மணியை நாங்கள் மதித்ததே இல்லை. அது கேட்டபின்தான் குரலை உயர்த்துவோம், அடுக்குமொழியை அவிழ்த்துவிடுவோம், கைதட்டலை அள்ளுவோம். இரண்டு மணிகளுக்கும் இடைப்பட்ட அந்த ஒரு நிமிடத்தில்தான் ஒரு பேச்சாளன் யாரென்று தெரியும் என்று நானே பல மேடைகளில் முழங்கியிருக்கிறேன்; இன்றும் அதை மறுக்க மாட்டேன். ஆயினும் அந்த மணியைக் காணும்போதெல்லாம், முதல் மணி அடிக்கப்படாத ஒரு பிற்பகலே என் நினைவில் எழுகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கள் அணித்தலைவியை நாங்கள் ‘லீடர்’ என்றே அழைப்போம். தெலுக் பங்லிமா காராங்கைத் தாண்டிக் கடலோரத்தில், ஒரு நீண்ட மண்கரைக்குப் பின்னால் தாழ்வாகக் கிடந்த குடியிருப்பில் அவருடைய வீடு. கடலுக்கும் அவர்கள் அடுப்புக்கும் நடுவே இருந்தது அந்தக் கரை மட்டுமே. ஆயர் பாசாங் என்று அங்குள்ளோர் சொல்லும் பெரிய கடலேற்ற நாள்களில், கரைக்கு அப்பால் கடல் அவர்கள் வாசற்படியைவிட உயரத்தில் நிற்கும். பெற்றோரைக் கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று லீடர் நெடுநாளாகப் போராடிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா அசையவில்லை. லோரி ஓட்டுநரான அவர் அந்தக் குடியிருப்புக் கோயிலின் தலைவரும்கூட. “கரை கசிஞ்சா கோயில் மணி அடிப்பாங்க லா. மணி சத்தம் கேட்டதும் கிளம்பினா போச்சு. அதுக்குள்ள என்னா அவசரம்?” என்பார். அங்கே எல்லாருடைய பதிலும் அதுதான். ஆண்டுதோறும் தண்ணீர் சற்றே உள்ளே எட்டிப்பார்க்கும். ஆண்டுதோறும் அவர்கள் வாசலில் ஒரு வரிசைச் செங்கல்லைக் கூட்டிவிட்டு அடுத்த ஆண்டுக்குக் காத்திருப்பார்கள்.

அந்த ஆண்டு இறுதிச்சுற்றுக்கு ‘துருவப் பனி உருகுவது நமக்குக் கவலையா, வேடிக்கையா?’ என்று தலைப்பு வைத்தார்கள். சிரிக்கவைப்பதற்கென்றே வைத்த தலைப்பு. குலுக்கலில் ‘கவலை’ எங்களுக்கு விழுந்தபோது எதிரணியினர் அனுதாபத்தோடு தோளைத் தட்டிப்போனார்கள். லீடருக்கோ அது தேடிவந்த தலைப்பு. கல்லூரி நூலகத்தில் ஆங்கில அறிவியல் இதழ்களைப் புரட்டி அவர் திரட்டிய செய்திகள் என்னைத் திடுக்கிடவைத்தன. வெண்பனி வெயிலைத் திருப்பியனுப்புகிறது. அது உருகி அடியிலுள்ள கரிய கடல் வெளிப்பட்டால், அந்தக் கடல் வெயிலை விழுங்குகிறது. விழுங்கிய சூடு மேலும் பனியை உருக்குகிறது. நிலத்தின்மேல் மலைமலையாகக் குவிந்துகிடக்கும் பனி ஓர் எல்லைவரை தாங்கும். எல்லை கடந்தபின் சூடு மேலும் ஏறாமல் நின்றாலும் சரிவு நிற்காமல் போகலாம். அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று எவராலும் திட்டமாகச் சொல்ல இயலவில்லை.

அந்த எல்லைக்கு நான் ‘மீளாநிலைப் புள்ளி’ என்று ஒரு சொல்லை வார்த்துக் கொடுத்தேன். அதன் ஓசையில் எனக்கே ஒரு மயக்கம். லீடர் உதட்டைப் பிதுக்கினார். “சொல்லு நல்லா இருக்கு. எங்கப்பாவுக்குப் புரியாது. அன்னைக்கு அவரு மூணாவது வரிசையில உக்காந்திருப்பாரு. எனக்கு நீதிபதிங்க முக்கியமில்ல, அவரு ஒருத்தரு தலையாட்டினா போதும்” என்றார். மகள் பேச்சைக் கேட்க அவர் வருவது அதுவே முதன்முறை. மேடையை விட்டால் தம் அப்பாவை உட்காரவைத்துப் பேச வேறு இடமில்லை என்று லீடர் நம்பினார்.

இறுதிச்சுற்றில் எதிரணித் தலைவர் மண்டபத்தைக் குலுக்கிவிட்டார். “துருவத்துல பனி உருகினா நமக்கென்ன லா? நம்ம கிண்ணத்துல ஐஸ் கச்சாங் உருகினாதான் கவலை!” என்று, சீவிய ஐஸை மலையாகக் குவித்துச் சிரப் ஊற்றித் தரும் இனிப்பை இழுத்தார். சிரிப்பு அடங்குமுன் அடுத்த வெடி. “ஐஸ் போட்ட தே ஓ டம்ளர். ஐஸ் கரைஞ்சா டம்ளர் வழியுமா, பாஸ்? வழியாதே! அப்புறம் கடல் மட்டும் ஏன் வழியும்?” கேலியாக இருந்தாலும் வாதம் கூரியது. நான் என் முறையில் அறம், மானுடம் என்று உயரப் பறந்து கைதட்டல் பெற்றேன். டம்ளருக்கு விடை சொன்னவர் லீடர்தான்.

“மிதக்கும் ஐஸ் கரைந்தால் டம்ளர் வழியாது. நண்பர் சொன்னது முற்றிலும் சரி” என்று அவர் தொடங்கியதும் எங்கள் பக்கமே திகைத்தது. “ஆனால் வெளியே தட்டில் இருக்கும் ஐஸை அள்ளி அதே டம்ளரில் போட்டால்? நிலத்தின்மேல் இருக்கும் பனி, தட்டில் இருக்கும் ஐஸ்” என்றார். பிறகு எதிரணி கொடுத்த கிண்ணத்தையே கையிலெடுத்தார். “ஐஸ் கச்சாங் வந்து மேசையில் நிற்கிறது. நீங்கள் கதை பேசுகிறீர்கள். அடியில் கரைகிறது, மேலே ஊற்றிய ரோஸ் சிரப்கூடக் கலையவில்லை. மலை நிற்கிறது, நிற்கிறது, நின்றுகொண்டே இருக்கிறது. கரண்டி படவில்லை, கிண்ணம் அசையவில்லை, ஒரு நொடியில் பாதி மலை சரிந்துவிடுகிறது. சரிந்ததைத் திரும்பக் குவித்துப் பாருங்கள், நிற்குமா?” மூன்றாவது வரிசையில் அவருடைய அப்பா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். “நமக்கு முன்னறிவிப்பு வரும் என்று இருக்கிறோம். கசியும், யாராவது மணி அடிப்பார்கள், அதன்பின் கிளம்பலாம் என்று இருக்கிறோம். நான் இப்போது கேட்பதெல்லாம், அப்பா, அந்த மணி…”

இரண்டு முறை மணி ஒலித்தது. லீடர் பாதிச் சொல்லில் நிறுத்தி, வணங்கி, போய் அமர்ந்தார்.

மண்டபம் கொதித்தது. “முதல் மணி அடிக்கலையே!” என்று பின்வரிசைகள் கூச்சலிட்டன. நேரக்காப்பாளர் எழுந்து, தம் பேச்சுக்கு முதல் மணி வேண்டாம் என்று பேச்சாளரே முன்கூட்டிக் கேட்டுக்கொண்டார் என்று அறிவித்தபோது, கூரை பிளக்கும் கைதட்டல். அந்த அறிவிப்பைக் கேளாதவர் ஒருவர்தாம். லீடரின் அப்பா அதற்குள் வரிசையை விலக்கி முன்னே வந்து, நேரக்காப்பாளரின் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். “தம்பி, தூங்கிட்டியா? என் மக பேச்சக் கெடுத்துட்டியே! இன்னும் ஒரு நிமிஷம் இருந்தா அவ முடிச்சிருப்பா!” லீடர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார். “அப்பா, அதான்பா நான் சொல்ல வந்தது” என்றார். அவர் மகளைத் தேற்றினார். “அழாத லா. கப் நமக்குத்தான்.”

கேடயம் எங்களுக்குத்தான் கிடைத்தது. அந்த உத்தியைப் பற்றிக் கிள்ளானிலிருந்து சாலாக் செலாத்தான்வரை பேசினார்கள். பனியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அடுத்தடுத்த போட்டிகளில் மதுவை எதிர்த்துப் பேசியவரும் தாய்மொழிக்காகப் பேசியவரும் முதல் மணி வேண்டாம் என்றார்கள். முடிவில் ஏற்பாட்டாளர்கள் கூடி, எந்தப் பேச்சாளருக்கும் முதல் மணி கட்டாயம் அடிக்கப்படும் என்று விதி செய்தார்கள். எங்கள் சமூகம் அந்தப் பேச்சுக்கு ஆற்றிய எதிர்வினை அது ஒன்றுதான். லீடரின் அப்பா கேடயத்தைக் கோயில் முன்மண்டபத்தில் மாட்டிவைத்தார். வீடு மாறவில்லை.

மறு ஆண்டின் இறுதியில், வெளிச்சம் நன்றாக விரிந்த ஒரு காலையில், கரை போயிற்று. அது கசியவில்லை. பெரிய ஏற்றமும் காற்றும் சேர்ந்த வேளையில், நின்றுகொண்டிருந்த கரையின் ஒரு பகுதி அப்படியே உட்கார்ந்துவிட்டது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். லீடரும் அவருடைய அம்மாவும் கிள்ளானில் ஓர் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அப்பா மட்டும் வீட்டில் இருந்தார். அவர் மேட்டை நோக்கி ஓடியிருந்தால் பிழைத்திருக்கலாம். மணியடிக்கக் கோயிலை நோக்கி ஓடியிருக்கிறார். கயிற்றை அவர் எட்டவில்லை.

அந்தத் தண்ணீர் துருவத்திலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. லீடரும் ஒருபோதும் சொன்னதில்லை. பழைய கரை, பெரிய ஏற்றம், காற்று, அவ்வளவுதான். ஆனால் மனிதர்கள் காத்திருந்த விதம் ஒன்றே. தொலைவில் உருகும் பனியைப் பற்றி நாம் எப்படிச் சிரிக்கிறோமோ, அப்படித்தான் கண்ணெதிரே நின்ற கடலைப் பற்றியும் சிரித்தோம். சாவு வீட்டில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீ அப்பவே மேடையில சொன்னியேம்மா” என்றார். லீடர் நிமிர்ந்து பார்த்தார். “சொன்னேன், மாமா. கை தட்டுனீங்க.”

கரையைச் சற்று உயர்த்திக் கட்டினார்கள். பெரும்பாலோர் அங்கேயே திரும்பிப்போனார்கள். கோயிலுக்கு முன்னதைவிடப் பெரிய மணி ஒன்று வாங்கினார்கள்.

இப்போது பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தின் சன்னலுக்கு வெளியே பாரந்தூக்கிகள் நிற்கின்றன. பழைய ரயில்வே நிலத்தில் கட்டடங்கள் எழுகின்றன. நான் ‘செம்மல்’ என்று பட்டம் பெற்று, நீதிபதி நாற்காலியில் அமரும் நிலைக்கு உயர்ந்திருக்கிறேன். சென்ற மாதப் போட்டிக்கு லீடரையும் நீதிபதியாக அழைத்தேன். மேடையை விட்டு விலகியவர் அவர். “தீர்ப்பெல்லாம் நீங்க சொல்லுங்க, செம்மலே. மணி அடிக்கிற வேலைன்னா வரேன்” என்றார்.

வந்தார். டேப் சுற்றிய அதே மணி. இளம்பேச்சாளர் ஒருவர் முழங்கிக்கொண்டிருக்கையில், லீடர் கடிகாரத்தைப் பார்த்து ஒரு முறை அடித்தார். தெளிவாக, உரக்க. பேச்சாளர் அவரைப் பார்த்துப் புன்னகைத்துக் கையை உயர்த்தினார். “இன்னும் நேரம் இருக்கிறது!” என்று குரலை ஏற்றினார். மண்டபம் கைதட்டியது. லீடர் தட்டவில்லை. மணியின் நாக்கை விரல்களால் இறுகப் பிடித்தபடி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.