இரண்டு அடுக்களைக்கு நடுவே ஒரு கதவு

போன வாரம் மகள் வழவழப்பான தாள் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். அடுக்குமாடி வீடு விற்கிறார்களாம். கீழே கடைகள், மேலே குடித்தனங்கள், ரயிலடிக்கு நடந்தே போகலாம், முற்றிலும் புதிய சிந்தனை என்று போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாளின் மை வாசனை என்னை நேராகக் காரைக்காலுக்கு இழுத்துக்கொண்டு போனது.

பிரெஞ்சுக் கொடி இறங்கின மறு வருஷம். நான் புதிதாகப் பிளான் வரையக் கற்றவன். காதில் பென்சில் செருகிவிட்டால் தலைகால் புரியாது. சைகோன் வியாபாரத்தில் சம்பாதித்த மரைக்காயர் ஒருவர் ஸ்டேஷன் எதிரே மனை வாங்கியிருந்தார். "வண்டி ஊதுனப்பொறம் எறங்குனாலும் புடிச்சிறணும் தம்பி. அப்பத்தான் வேலைக்குப் போறவங்க குடி வருவாங்க" என்றார். கீழே மளிகை, தையல், காப்பிக்கடை. மேலே நான்கு குடித்தனம், நடுவில் வெளிச்சத்துக்குத் திறந்த முற்றம். கடல் காற்று வரும் பக்கம் பார்த்து ஜன்னல் வைத்தேன். காப்பிக்கடைப் புகையும் அதே ஜன்னல் வழியாகத்தான் ஏறும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

மாடிச் சுவர் இடுப்பளவு எழும்பியபோது மரைக்காயரின் தங்கை மகள் ஜுலைகா பார்க்க வந்தாள். ஒரு குடித்தனம் அவளுக்கு. தாய் இல்லாதவள், கணவர் சைகோனில், அவளோ மாசமாக இருந்தாள். "பக்கத்து வூட்டுக்குப் போற கதவு எங்க மாமா?" என்றாள். அவர்கள் தெருவில் பெண்கள் வாசலுக்கு வராமலே அடுக்களை வழியாக வீடு வீடாகப் போய்வருவார்கள். "இது வேற வேற குடித்தனம்மா, கதவெல்லாம் வைக்க முடியாது" என்று குறுக்கே விழுந்தேன். அவள் மாமாவைப் பார்த்தே சொன்னாள்: "வலி எடுத்தா நான் தெருவுல எறங்கி யார மாமா கூப்புடுறது?"

மரைக்காயர் கதவு வைத்துவிட்டார். ஆனால் பக்கத்துக் குடித்தனத்துக்கு வந்தவர்கள் அதைக் கண்டதும் நழுவினார்கள். ஆள் கிடைக்காவிட்டால் ஜுலைகாவும் வரமாட்டாள். மரைக்காயர் என்னைப் பார்த்தார். நான் புது மனைவி கமலத்தைச் சுரக்குடி கிராமத்தில் விட்டுவிட்டு ஓட்டல் சோறு தின்றுகொண்டிருந்தவன்.

அந்தக் குடித்தனத்துக்கு நாமே போகலாமா என்று கமலத்திடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவள் வீட்டில் ஆசாரம் கொஞ்சம் கூடுதல்.

"தாப்பா எந்தப் பக்கங்க?" என்றாள்.

"ரெண்டு பக்கமும்."

"ஆத்திர அவசரத்துக்கு நான் தொறக்குற வரைக்கும் அவங்க நிக்கணுமா? நம்ம பக்கம் வேணாங்க."

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் ஜுலைகா அந்தக் கதவைத் தள்ளினாள். கமலம் ஜன்னலில் கத்த, தையற்கடைக்காரர் ஸ்டேஷன் வாசலில் நின்ற குதிரை வண்டியைப் பிடித்து மருத்துவச்சியைக் கொண்டுவந்தார். நான் வேலை முடிந்து வந்தபோது கமலத்தின் மடியில் ஆண் குழந்தை.

பிறகு எத்தனை வருஷம்! அங்கிருந்து வட்டலப்பமும் நோன்புக் கஞ்சியும் வரும். இங்கிருந்து அடையும் குழம்பும் போகும். குழந்தைகள் எது சொந்த வீடு என்றே தெரியாமல் வளர்ந்தார்கள்.

ஜனங்கள் பஸ்ஸுக்கு மாறினார்கள், ரயில் நின்றது, கடைகள் பஸ் ஸ்டாண்டு பக்கம் போயின. ஜுலைகாவை மகன் துபாய்க்கு அழைத்துக்கொண்டான். அடுத்து வந்தவர்கள் நல்லவர்கள்தான். கதவு வேண்டாம் என்றார்கள், அதுவும் நியாயம்தான். ஒரே நாளில் செங்கல் வைத்துப் பூசிவிட்டார்கள். அதற்கப்புறமும் ரொம்ப நாள், குழம்பை இறக்கியதும் கமலம் ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு அந்தச் சுவர் வரைக்கும் போய்விட்டுத் திரும்புவாள்.