அம்மிணிக்கு ஒரு குளிர் அறை

மாமா கொச்சியில் மட்டாஞ்சேரிப் படகு ஜெட்டிக்குப் பக்கத்தில் நடத்திவந்த கம்ப்யூட்டர் சென்டரை மூடியபோது, விலை போகாமல் மிஞ்சிய ஒரு கம்ப்யூட்டர் ஆட்டோ ஏறி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கூடவே ஒரு விளையாட்டு சிடியும் வந்தது. நான் அப்போது ஆறாம் வகுப்பு. அந்த விளையாட்டில் சுடவும் முடியாது, வண்டி ஓட்டவும் முடியாது. முட்டை பொரிந்து குட்டிப் பிராணிகள் வரும். தீனி போட்டு, காய்ச்சல் வந்தால் மருந்து கொடுத்து, பேசக் கற்றுக்கொடுத்து வளர்க்க வேண்டும். இதில் ஜெயிப்பது எப்போது என்று அப்பா கேட்டார். ஜெயிப்பதே கிடையாது என்றேன். அப்படியானால் இதுவும் முனிசிபாலிட்டி வேலை மாதிரிதான் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

பெட்டி சூடானால் கம்ப்யூட்டர் தானாகவே அணைந்துவிடும். அதனால் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, வீட்டிலிருந்த ஒரே மேஜை ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். மழைக்கு முந்தைய மாதத்துப் புழுக்கத்தில் அப்பா ஈரத் தோர்த்துத் துண்டை மார்பில் போட்டுக்கொண்டு தரையில் புரள்வார். மனிதர்கள் வேர்த்து வழிய, இரும்புப் பெட்டிக்குக் காற்று போய்க்கொண்டிருக்கும்.

என் கூட்டாளி அத்தைதான். அப்பாவின் தங்கை. எறணாகுளத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். வேலை முடிந்து படகில் வந்து இறங்கியதும் சாயா டம்ளரோடு என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். விளையாட்டின் உதவிப் பக்கங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அவள் படித்து எனக்குச் சொல்வாள். எப்போது பார்த்தாலும் அவள் ஆங்கிலம் படித்துக்கொண்டுதான் இருந்தாள். எனக்காகத்தான் இத்தனை பாடுபடுகிறாள் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஒருநாள் வேறு நிறத்தில் ஒரு முட்டை கிடைத்தது. அதிலிருந்து உடம்பெல்லாம் ரோமம் மூடிய ஒரு பிராணி வந்தது. குட்டப்பன் என்று பேர் வைத்தேன். மற்றவை தோட்டத்தில் துள்ளித் திரிய, குட்டப்பன் மட்டும் மரத்தடியில் நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்தான். இந்த இனத்துக்குக் குளிர்தான் ஆகும் என்று அத்தை படித்துச் சொன்னாள். உடனே ஓர் அறை கட்டி, குளிரூட்டும் இயந்திரத்தை முழு வேகத்தில் வைத்து, அவனைத் தூக்கி உள்ளே போட்டேன். பனி பெய்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் நான் உள்ளே நட்ட பழச்செடிகள் ஒன்றுவிடாமல் கருகிப்போயின. தின்ன ஒன்றுமில்லாமல், நடுங்கியபடியே குட்டப்பன் செத்துப்போனான். நான் அழுதேன். அப்பா, "சும்மா இருந்தவனைக் கொண்டுபோய்க் கொன்னாச்சு" என்றார். அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அத்தையைப் பார்த்துச் சொன்னார்.

அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சோறு போடும்போது நடுவில் அம்மா தூது போனாள். எல்லாம் ஃபேனால் வந்த சண்டை என்றுதான் நான் நினைத்தேன்.

அடுத்த ரோமக்குட்டி பொரிந்தது. பெண். அம்மிணி. இந்த முறை அத்தை அவசரப்பட விடவில்லை. குளிரைத் தாங்கும் ஒரு புதரை முதலில் அறையில் வளர்த்தோம். அதில் சிவப்புக் காய்கள் பிடிக்கும்வரை காத்திருந்தோம். தோட்டத்துக்கும் அறைக்கும் நடுவே, பாதிக் குளிருள்ள ஒரு வராந்தா கட்டி அம்மிணியை அங்கே பழக்கினோம். துணைக்கு இன்னொரு முட்டையையும் அறையின் மூலையில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைத் திறக்க வேண்டிய நேரம் வந்தது. அப்பா தரையிலிருந்து எழுந்து வந்து பின்னால் நின்றார்.

அம்மிணி உள்ளே போனாள். இரண்டடி வைத்ததும் நின்றுவிட்டாள். பயத்தைக் காட்டும் கோடு மளமளவென்று ஏறியது.

"நடுங்குது பாரு. திரிச்சு விளி அதை, வெளிய வரட்டும்" என்றார் அப்பா.

"கொஞ்சம் நிக்கட்டும் அண்ணா. தணுப்பு பழகணும்ல" என்றாள் அத்தை. பல நாட்களுக்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"ஒத்தைக்கு அங்க என்ன செய்யும்? வய்யாம படுத்துட்டா யாரு பாப்பா?"

"போற எடத்துல ஆளு கிடைக்கும். எனக்குப் பயமில்லண்ணா."

பயம் அம்மிணிக்கல்லவா, அத்தைக்கு ஏன் என்று எனக்குத் தோன்றியது. அதற்குள் அம்மிணி புதரருகே போய் ஒரு காயைப் பறித்துத் தின்றுவிட்டாள். இன்னொன்றும் தின்றாள். பயக்கோடு மெல்ல இறங்கியது. நான் கத்திய கத்தலில் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

அப்பா குனிந்து திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தார். பிறகு, "அந்த வாதிலை மட்டும் அடைக்காத மோளே. வேணும்னா திரும்பி வரணும்ல" என்றார். கதவைத் திறந்து வைத்தால் குளிரெல்லாம் வெளியே போய்விடும் என்று நான் வாதாடினேன். யாரும் கேட்கவில்லை. அத்தை முகத்தைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். ஒரு பிராணி காய் தின்றதற்கு இவ்வளவு அழுகையா என்று நினைத்தேன்.

அத்தைக்கு அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்ததும், தனியாக அனுப்ப மாட்டேன் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றதும் எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. அந்த ஓணம் முடிந்ததும் அத்தை புறப்பட்டுப் போனாள். இன்று அவளுக்கு அங்கே வீடும் கணவரும், என்னைவிட உயரமான ஒரு பெண்ணும் இருக்கிறார்கள்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அதெல்லாம் தெரியாது. சாயங்காலம் அப்பா சட்டை மாட்டிக்கொண்டு எறணாகுளம் போய், கையில் ஒரு பொட்டலத்தோடு வந்தார். உள்ளே மெரூன் நிறத்தில், இரண்டு சுற்று மடித்தாலும் மீதியிருக்கும் நீளக் கையோடு, ஒரு தடித்த ஸ்வெட்டர். அத்தை அதை அங்கேயே மாட்டிக்கொண்டாள். நெற்றியில் வேர்வை வழிய, கழற்றாமல் அப்படியே நின்றாள். அம்மா சிரித்தாள், அப்பாவும் சிரித்தார். கொச்சி வெயிலில் கம்பளி வாங்கிவந்த அப்பாவைக் கடைக்காரன் நன்றாக ஏமாற்றிவிட்டான் என்று நினைத்து, நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.