ரன்பிளாட் டயரைக் கழற்றிய வாரம்

என் வீட்டுக்காரர் அந்தக் காரைப் பழைய வண்டியாகத்தான் வாங்கினார். ஆனால் அதன் டயரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் புதுமாப்பிள்ளை தோற்றுப்போவான். ரன்பிளாட் டயர். முள் குத்திக் காற்று மொத்தமும் இறங்கினாலும் வண்டி நிற்காது, அடுத்த ஊர் வரைக்கும் ஓடிவிடும். பக்கச்சுவர் அவ்வளவு கெட்டி. அதனால் டிக்கியில் ஸ்டெப்னியே கிடையாது. சீமைக்கருவேல முள் உதிர்ந்து கிடக்கிற நரிக்குடி, திருச்சுழி ரோட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்பார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போனது.

அந்தக் கெட்டிதான் பிறகு எமனாக வந்தது. புற்றுநோய் அவர் முதுகெலும்புக்கு ஏறியபின், வாராவாரம் மதுரை ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். எங்களுக்கு வேறு ஆள் கிடையாது. பின்சீட்டில் தலையணையை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருப்பார். ரோட்டில் ஒட்டுப்போட்ட இடம் வந்தாலே போதும், அந்த டயர் ஆளைத் தூக்கிப் போடும். "வலிக்குதா?" என்று கேட்டால், "இல்ல, நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்பார். சரியான கல்லுளிமங்கன். கண்ணாடியில் பார்த்தால், கதவுக்கு மேலே இருக்கிற கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருப்பார்.

எங்கள் பக்கம் குதிரைவாலி அறுத்ததும் தாளோடு ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறி ஏறி மணியை உதிர்த்துக் கொடுக்கும். அன்றைக்குத் திருச்சுழிக்கு முன்னால் ரோட்டை அடைத்துப் பரப்பியிருந்தார்கள். வண்டிக்கு அடியில் சுற்றிக்கொண்டு தீப்பிடித்தால் யார் பதில் சொல்வது என்று திட்டிக்கொண்டே மெதுவாக ஏற்றினேன். வண்டி மெத்தென்று போனது. கண்ணாடியில் பார்த்தேன். அவர் கைப்பிடியை விட்டிருந்தார். கண்ணை மூடி, முகமெல்லாம் தளர்ந்து கிடந்தார். தாள் முடிந்து வெறும் ரோடு வந்ததும் கை மறுபடி மேலே போனது. அடப்பாவி மனுசா, இத்தனை நாளும் பல்லைக் கடித்துக்கொண்டா வந்தாய் என்று வாய்க்குள்ளேயே திட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் டயரை மாற்றிவிடலாம் என்றேன். முடியவே முடியாது என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார்.

"சாதா டயருன்னா முள்ளு குத்துன இடத்துலயே நின்னுரும். ஆளரவம் இல்லாத காடு. நோயாளிய வச்சுக்கிட்டு நீ ஒத்தையில என்ன பண்ணுவ?"

"நின்னா நிக்கட்டும். ரோட்டுல நின்னு கத்துவேன். நாலு பேரு வரமாட்டாகளா?"

"அந்த வெயில்ல நிப்பியா?"

"நிப்பேன். நீங்க வலியில சாகுறதப் பாக்குறதுக்கு வெயிலு ஒண்ணும் பெரிசில்ல."

சாகுறது என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்துவிட்டது. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். காலையில், "சரி, மாத்திட்டு வா" என்றார்.

வண்டியை நான் மட்டும் அருப்புக்கோட்டை டயர்க் கடைக்குக் கொண்டுபோய் விவரத்தைச் சொன்னேன். நான்கையும் கழற்றிவிட்டுச் சாதாரண டயர் போட்டார்கள். டிக்கியில் ஸ்டெப்னியும் ஜாக்கியும் ஏறின. கடைக்காரர் நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, "ஏத்தி எடுங்கக்கா. இனிமே அண்ணன் அலுங்காம வருவாக" என்றார். கும்பிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

அடுத்த வாரம் மதுரைக்குப் போனோம். பாலம் வந்தது, வேகத்தடை வந்தது. அவர் கை மேலே போகவே இல்லை. பாதி வழியில் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். மருந்து கேட்கவில்லை என்றார்.

"இனிமே இவர இவ்வளவு தூரம் அலைய வைக்காதீங்கம்மா. வீட்டுலயே வச்சுப் பாத்துக்கோங்க. வலிக்கு மாத்திரை எழுதித் தர்றேன்."

தலையை ஆட்டினேன். நான் வேறு என்ன செய்ய? அவரிடம் வந்து, மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

திரும்பி வரும்போது அவர் தூங்கவில்லை. அருப்புக்கோட்டை தாண்டியதும் பேச்சுக்கொடுத்தார்.

"நீ சொன்னது சரிதான். அலுங்கவே இல்ல. அடுத்த வாரம் நான் முன்னால உன் பக்கத்துல உக்காந்து வாரேன், என்ன?"

எனக்கு ரோடு தெரியவில்லை. வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினேன்.

"என்ன, பஞ்சரா?" என்று பதறி எழுந்திருக்கப் பார்த்தார்.

"பஞ்சருமில்ல, ஒண்ணுமில்ல. அடுத்த வாரம் எதுக்கு? இப்பவே முன்னால வாங்க."

"இப்ப என்ன அவசரம்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் கண்ணாடி வழியாக என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

"சரி, வந்து கதவத் திற" என்றார். "அந்தத் தலகாணிய எடுத்து முன்னால போடு."