ஒரு கரண்டி திரிபலா

இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவென்று டொக்டர் குளிசை எழுதித் தந்திருந்தார். அதைப் போடத் தொடங்கி இரண்டு கிழமைக்குள் எனக்கு மலம் போகாமல் வயிறு இறுகிவிட்டது. இரண்டையும் நான் சேர்த்து யோசிக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் இருக்கும் அக்காவிடம் வயிற்றுக் கதையை வாய்தவறிச் சொன்னேன். அடுத்த நாளே ஒரு போத்தல் திரிபலாச் சூரணத்துடன் வெள்ளவத்தைக்கு வந்து நின்றாள்.

“கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய். வேற ஒண்டும் இல்லை. காலமை எழும்பின உடன ஒரு கரண்டி, சுடுதண்ணியில. ஒரு கிழமையில எல்லாம் சரியாகும்.”

தூள் கரையவில்லை. பாதி தொண்டையில் ஒட்டியது. துவர்ப்பில் நாக்கு தடித்துப் போனது. வெறும் வயிற்றில் போடும் குளிசையையும் அதே தண்ணீரில் விழுங்கினேன். நான்கு நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் தினமும் நான் வேலைக்கு வெளிக்கிடும் நேரம் பார்த்து அக்கா போன் எடுத்தாள்.

“போச்சோ?”

“இல்லை அக்கா.”

“அப்ப ஒண்டரைக் கரண்டி போடு.”

போட்டேன். அடுத்த நாள் கொள்ளுப்பிட்டிக்குப் போகும் பஸ்ஸில், பம்பலப்பிட்டியை நெருங்கும்போது அடக்க முடியாமல் வந்தது. அடுத்த தரிப்பில் இறங்கி, அப்போதுதான் திறந்துகொண்டிருந்த ஒரு உடுப்புக் கடைக்குள் நுழைந்தேன். கூட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் கழிவறை எங்கே என்று என் அரைகுறைச் சிங்களத்தில் கெஞ்சினேன். வேலை செய்பவர்களுக்கு மட்டும்தான் என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு விளக்குமாற்றால் உட்பக்கம் காட்டினாள். நாற்பத்தாறு வயதில் எனக்கு அப்படியொரு வெட்கம் வந்தது அதுவே முதல் தடவை.

அலுவலகத்துக்குப் பிந்திப் போய், வாகன நெரிசல் என்று பொய் சொன்னேன். அக்காவுக்கு மட்டும் உண்மையைச் சொன்னேன்.

“பாத்தியா, வேலை செய்யுது” என்றாள் சந்தோஷமாக.

அதன்பின் அரைக் கரண்டி எடுத்தால் ஒன்றுமில்லை. ஒரு கரண்டி எடுத்தால் பஸ் ஏறப் பயம். காலைச் சாப்பாட்டை விட்டேன். வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தேன். இத்தனைக்கும் பிறகு எடுத்த இரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்து அசையவேயில்லை.

“வேற ஏதும் எடுக்கிறீங்களோ?” என்று டொக்டர் கேட்டார். முதலில் இல்லையென்றேன். அவர் மறுபடி கேட்கவே சொல்லிவிட்டேன்.

“குளிசையோடயோ?”

“ஓம்.”

அவர் பேனையை வைத்துவிட்டார். வயிறு இறுகியதே குளிசையால்தானாம். அதோடு சேர்த்துக் குடித்த துவர்ப்புத் தூள் இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுத்திருக்கக்கூடுமாம்.

“வயிறு இறுகின உடன என்னட்டச் சொல்லியிருக்கலாமே.”

சூரணத்தை நிறுத்தச் சொல்லி, குளிசையையும் மாற்றித் தந்தார். பத்து நாளில் வயிறு வழிக்கு வந்தது.

டொக்டரைப் பார்த்த அன்று பின்னேரமே அக்காவுக்குப் போன் எடுத்து, அவ்வளவு நாள் கோபத்தையும் கொட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

“சரி, மிச்சத் தூளை எறியாதை. நான் வந்து எடுக்கிறன். எனக்கு ஒரு மாசமா ஒழுங்காப் போறேல்லை.”

“டொக்டரிட்டக் காட்டினியோ?”

“இதுக்கெல்லாம் ஏன் டொக்டர்?” என்றாள்.

நான் போனை வைத்துவிட்டேன்.