மூன்று நாள் பத்தியம்

அடுத்த முறை வரவேண்டிய தேதியைச் சீட்டில் எழுதிய கையோடு, அதற்கு மூன்று நாள் முந்தைய தேதியையும் ஓரத்தில் பென்சிலால் குறித்துக் கொடுப்பார் சீட்டக்கா. சர்க்கரை நோய் கிளினிக்கில் சீட்டு எழுதிய இருபத்திரண்டு வருடமும் அது தவறியதில்லை.

"இந்தத் தேதியிலேருந்து வாயைக் கட்டுங்க. டீக்குச் சர்க்கரை வேணாம். ராத்திரி அரை வயிறு."

காரணம் டாக்டரின் வாய்தான். ரத்தத்தில் அளவு கூடியிருந்தால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே கிழி கிழியென்று கிழிப்பார். பெஞ்சில் இருக்கும் அத்தனை பேர் காதிலும் விழும். திட்டு வாங்கியவர்களில் பாதிப் பேர் மறுபடி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. அடியோடு வராமல் போவதற்கு, அளவை ஒளித்துக்கொண்டாவது வரட்டுமே என்று அக்கா நினைத்தார்.

கடைசல் பட்டறைக்காரர் இதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். இரும்பை மயிரிழை பிசகாமல் சீவுகிற மனிதர், பத்தியத்திலும் பிசகவில்லை. நான்காவது நாள் பரிசோதனை முடிந்ததும் நேராக டீக்கடைக்குப் போவார்.

"மூணு நாள்ல ரத்தத்தையே கழுவி விட்டாப்ல இருக்குக்கா."

"உங்க ரத்தம் என்ன பட்டறைத் தரையா அண்ணே, கழுவி விட?" என்று அக்கா சிரித்தார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தார்.

அளவு நன்றாக இருந்ததால் டாக்டர் அவரைக் கண் பரிசோதனைக்கு விரட்டவில்லை. சொட்டு மருந்து விட்டால் பார்வை மங்கி அரை நாள் வேலை கெடும் என்று அவரும் கேட்கவில்லை. இப்படியே ஐந்து வருடம் போனது.

பிறகு, மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் பரிசோதனை வந்தது. ஏழுக்குள் இருக்க வேண்டியது, அவருக்குப் பதினொன்று. அன்றைக்கே கண்ணைப் பார்த்தார்கள். இரண்டு விழித்திரைகளிலும் ரத்தக் கசிவு. லேசர் வைத்தும் ஒரு கண்ணில் நிழலாட்டம்தான் மிஞ்சியது. பட்டறை கைவிட்டுப் போயிற்று.

அடுத்த வருடம் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். மகனுக்கும் சர்க்கரை.

"அக்கா சொல்றபடி கேளுடா. மூணு நாள் ஒழுங்கா இருந்தாப் போதும்."

அக்காவின் கையில் பேனா நின்றது. அவர் விளையாட்டுக்குச் சொல்லவே இல்லை, அதை வைத்தியம் என்றே நம்பியிருக்கிறார்.

"இல்ல தம்பி, தினமும் கட்டணும். வருஷத்துக்கு ஒரு தரம் கண்ணைப் பாத்துடணும்."

பெரியவர் குரல் வந்த பக்கம் திரும்பினார். "எனக்கு மூணு நாள்னுதானேக்கா சொன்னீங்க?"

நாக்கு நுனி வரை வந்தது. திட்டு விழாமல் இருக்கத்தான் சொன்னேன், நோய்க்குச் சொல்லவில்லை என்று. பெஞ்சில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரின் கதவும் திறந்திருந்தது.

"அது அப்போ இருந்த வைத்தியம்ணே. இப்ப மாத்திட்டாங்க."

"நம்ம நேரம்," என்றார் அவர். அதோடு விட்டுவிட்டார்.

அவர் வீடு கிளினிக்கிலிருந்து நாலாவது தெரு. ஓய்வுபெற்ற பிறகு அக்கா இரண்டு முறை அந்தத் தெருமுனை வரை போய்த் திரும்பினார். மூன்றாம் வருடம் அக்கா மாரடைப்பில் போய்விட்டார். மகன் கைபிடித்துக் கூட்டிவர, கடைசல்காரர் சாவு வீட்டுக்கு வந்தார். டாக்டர் வாயில் விழாமல் தன்னைக் காப்பாற்றிய மனுஷி என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னார். உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டிருந்தவருக்கு அங்கே மாலை போட்டிருந்தார்கள்.