டாக்டர் கொடுக்கச் சொன்ன பழம்

அம்மாவிடம் வாழைப்பழம் வாங்கினால் பழத்தோடு கொஞ்சம் வைத்தியமும் சேர்ந்து வரும். பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரில், பேருந்துகள் திரும்பும் இடத்தில் அவளுடைய தள்ளுவண்டி நிற்கும். மேல் கம்பியில் குலைகள் தொங்கும். கீழே சாக்கு விரித்து சீப்புகளைக் கவிழ்த்து அடுக்கியிருப்பாள். வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள். பழத்தில் கை வைக்கும் முன் அம்மா கேட்பாள்: "யாருக்கு? என்ன செய்யுது?"

மலச்சிக்கல் என்றால் தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த பழம். பேதி நின்று வயிறு தேறுகிறவருக்கு லேசாகப் பச்சை ஓடிய பழம். பல் விழுந்தவர்களுக்கும், பரீட்சைக்கு ஓடும் பிள்ளைகளுக்கும், பசியே இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களுக்கும் அவளிடம் ஏதோ ஒரு சீப்பு இருந்தது. "அடுப்பு வேணாம், தட்டு வேணாம், கழுவக்கூட வேணாம். ஒரு மனுஷனுக்கு இதுக்கு மேல என்னங்க வேணும்?" என்பாள். பக்கத்து வண்டியில் டீ ஆற்றுகிறவர் அவளுக்கு 'எதிர் ஆஸ்பத்திரி' என்று பெயர் வைத்திருந்தார்.

"அங்க சீட்டு வாங்கி நிக்கறதுக்குள்ள இங்க வைத்தியமே முடிஞ்சிரும் போல."

"உன் டீயக் குடிச்சிட்டு வர்றவங்களுக்குத்தான்யா நான் வைத்தியம் பாக்கறேன்."

எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். ஊட்டச்சத்து படித்தேன். நார்ச்சத்து, பொட்டாசியம், சட்டென்று உடம்பில் சேரும் தெம்பு என்று அம்மா வண்டியில் சொல்வதில் பெரும்பாலானவை என் பாடத்திலும் இருந்தன. ஓடிவந்து அதைச் சொன்னபோது அவளுக்குக் கொஞ்சமும் ஆச்சரியமில்லை. "இத சொல்லிக்குடுக்கவா மூணு வருஷம்?" என்று கேட்டாள்.

அப்பா பேருந்து நடத்துநர். கல்யாணத்திற்கு முன், ஒவ்வொரு நடை முடிந்து பேருந்து திரும்பும்போதும் அம்மாவிடம் ஒரு பழம் வாங்கியிருக்கிறார். "பாவம், பசி போலன்னு ரொம்ப நாள் நெனச்சேன். அப்புறந்தான் இது வேற பசின்னு தெரிஞ்சுது" என்று அம்மா சொல்வாள். "இவ வண்டியில ஏறி எறங்க மறந்துட்டேன், அவ்வளவுதான்" என்பார் அப்பா. கல்யாணத்திற்குப் பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அவள் உரித்துக் கொடுப்பதை நின்றபடியே தின்றுவிட்டு ஓடுவார்.

ரத்த அழுத்தத்தை வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டதில் அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். முதல் நாளே டாக்டர் சொல்லிவிட்டார்: தண்ணீர் அளவாகத்தான், வாழைப்பழம் கூடவே கூடாது.

அம்மா சிரித்துவிட்டாள். "வேற ஏதோ நெனப்புல சொல்றீங்களா சார்?"

வீட்டுக்கு வந்து நான் விளக்கினேன். மற்றவர்கள் உடம்பில் மிஞ்சிய பொட்டாசியத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். அப்பாவுக்கு அது ரத்தத்திலேயே தங்கும். கூடிப்போனால் இதயம் தடுமாறும், நின்றும் போகும்.

"நல்லதுன்னுதானே நீயும் படிச்சே?"

"நல்லதுதாம்மா. அப்பாவுக்கு மட்டும் இப்ப ஆகாது."

"ஊருக்கெல்லாம் நல்லது, எம் புருஷனுக்கு மட்டும் எப்படிடி கெட்டதாகும்?"

என்னிடம் இருந்த விடையை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். அவள் கேட்டது வேறு எதையோ.

ஆனால் சொன்னதைச் செய்தாள். காய்கறிகளை நறுக்கி ஊறப்போட்டு, வேகவைத்து, பொட்டாசியம் இறங்கிய அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைத்தாள். கையில் பழ வாசனை இருக்கக் கூடாதென்று தெருக்குழாயிலேயே முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வீட்டுக்குள் வந்தாள். அவளும் பழம் தின்பதை நிறுத்திவிட்டாள் என்பதை நான் பிறகுதான் கவனித்தேன்.

டயாலிசிஸ் நாட்களில் மட்டும் வண்டியிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வருவாள். வாசலில் சிஸ்டர் கை நீட்டுவார்.

"எதிர் ஆஸ்பத்திரி டாக்டர் வந்தாச்சா? பையக் காட்டுங்க."

பையில் துண்டுக்கு அடியில் ஒரு பழம் இருக்கும். ஒருவேளை அன்றைக்கு அனுமதி கிடைத்துவிட்டால் கொடுப்பதற்கு.

"இன்னைக்காவது ஒண்ணு குடுக்கலாமா சிஸ்டர்?"

"உங்களுக்கு ஆளு வேணுமா, பழம் வேணுமா?"

"ஆளுதான்."

"அப்ப இங்க வெச்சிட்டுப் போங்க."

ஒருநாள், "காய் மாதிரி இதையும் வேகவெச்சுத் தண்ணியக் கொட்டிட்டா?" என்று ரகசியம் போலக் கேட்டாள். சிஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். ஊசியும் குழாயுமாகக் கட்டிலில் கிடந்த அப்பா, "பழக்காரியக் கட்டிக்கிட்டு ஒரு பழத்துக்கு வக்கில்லாதவன் நான் ஒருத்தன்தான்" என்றார். அம்மாவும் சிரித்தாள். சிரித்தபடியே அவர் உதடுகளை ஈரத் துணியால் துடைத்துவிட்டாள்.

மாதங்கள் போயின. அப்பாவின் சட்டைக்குள் அப்பா சிறுத்துக்கொண்டே வந்தார். ஒருநாள் டயாலிசிஸ் பாதியில் மூச்சு முட்டி, மெஷினை நிறுத்த வேண்டியதாயிற்று. வார்டில் சேர்த்தார்கள். டாக்டர் எங்கள் இருவரையும் தாழ்வாரத்திற்கு அழைத்தார்.

"இதயம் ரொம்ப பலவீனமாயிடுச்சும்மா. மெஷின இனிமே நிறுத்திடலாம். வலி இல்லாம நாங்க பாத்துக்கறோம். கட்டுப்பாடெல்லாம் வேணாம். அவர் ஆசைப்பட்டதக் குடுங்க."

அம்மா அவரையே பார்த்தாள். "வாழைப்பழம்?"

டாக்டர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். "குடுங்கம்மா."

நான் அவள் கையைப் பிடிப்பதற்குள் அம்மா படியிறங்கிவிட்டாள். நான் சாலையைக் கடந்தபோது வண்டியின் மேல் போட்டிருந்த தார்ப்பாயை விலக்கிக்கொண்டிருந்தாள்.

"யோவ் டீக்காரரே! மெஷின நிறுத்தியாச்சு! பழம் குடுக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு!"

நிறுத்தத்தில் நின்றவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பழம் கொடுத்தாள். காசு நீட்டியவர்களின் கையைத் தள்ளிவிட்டாள். ஒரு குலையை இறக்கி, பழம் பழமாக அழுத்திப் பார்த்து நான்கைத் தேர்ந்தெடுத்தாள். "உன் படிப்பு இப்ப என்னடி சொல்லுது? இது யாரையும் கைவிடாதுன்னு அன்னைக்கே சொன்னேன்ல?" என்று என் கன்னத்தைத் தட்டினாள். டீக்காரர் என் முகத்தைப் பார்த்தார். ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே கீழே வைத்தார்.

நான் "சரிம்மா" என்றேன். அந்தச் சந்தோஷத்தை அவளிடமிருந்து பிடுங்க எனக்குத் தைரியம் வரவில்லையா, அதற்கு எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியதா, இன்றும் தெரியவில்லை.

டயாலிசிஸ் சிஸ்டர் அன்று வார்டு வாசலில் நின்றிருந்தார், செய்தி தெரிந்து வந்திருப்பார் போல. அம்மா தானே பையை விரித்து அவர் முன்னால் நீட்டினாள்.

"உள்ள போங்கம்மா."

"பையப் பாக்கலயா?"

"வேணாம்மா."

"பழம் இருக்கு. நாலு இருக்கு."

"தெரியும்மா. போங்க."

அம்மா நகரவில்லை. விரித்த பை விரித்தபடி இருந்தது. "ஏன் என்னைத் திட்டல?"

சிஸ்டர் தரையைப் பார்த்தார். அம்மா என் பக்கம் திரும்பினாள். என் முகத்தில் இருந்ததை மறைக்க என்னால் முடியவில்லை.

சுவரோரம் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையிடம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்:

"நீ போயி டாக்டர்கிட்ட சொல்லு. அவரு பழம் திங்க மாட்டாராம்னு சொல்லு. நாங்க கேக்கவே இல்லன்னு சொல்லு. மெஷினப் போடச் சொல்லு."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது, காற்று மட்டும் மிஞ்சிய குரல். "பழ வாசன வருது. டிக்கெட் எடுக்காம யாரது உள்ள ஏறுனது?"

அம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

அப்பா பழத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், கொஞ்சம் அதிக நேரம்.

"சொல்லிட்டாங்களா?"

"ம்."

"சரி, உரி."

அம்மா உரித்தாள். ஒட்டியிருந்த நாரை ஒவ்வொன்றாக எடுத்தாள், ஒன்றுகூட விடாமல். சின்னதாகக் கிள்ளி வாயில் வைத்தாள். அவர் மெல்லவில்லை. கண்ணை மூடி நாக்கிலேயே வைத்திருந்தார்.

"எப்படி இருக்கு?"

"பதமாப் பழுத்திருக்கு. முன்னாடியே குடுத்திருந்தா காயா இருந்திருக்கும்."

பாதிப் பழத்திற்கு மேல் இறங்கவில்லை. "மிச்சத்த நீ தின்னு" என்றார். "நீயும் எத்தன நாளு பட்டினி கெடப்ப?" அவளும் பழம் தின்னவில்லை என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அம்மா தின்றாள்.

மறுநாள் மாலை அப்பா போய்விட்டார்.

அம்மா மறுபடி வண்டி போட ஆரம்பித்துவிட்டாள். இப்போதும், "யாருக்கு? என்ன செய்யுது?" என்று கேட்கிறாள். சிறுநீரகம் என்றால் பழத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "மொதல்ல டாக்டரக் கேட்டுட்டு வாங்க" என்கிறாள். மற்றபடி வைத்தியம் குறைந்துவிட்டது.

போன வாரம் நான் வண்டியருகே இருந்தபோது ஒருவன் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஓடிவந்தான். முகமெல்லாம் வெளிச்சம்.

"நல்ல பழமா ரெண்டு குடுங்கக்கா. எங்கம்மாவுக்கு. இது கூடாது, அது கூடாதுன்னு இத்தன நாளா பாடாப் படுத்திட்டாங்க. எது கேட்டாலும் குடுங்கன்னு இப்பத்தான் டாக்டரே சொன்னாரு!"

அம்மாவின் கை சீப்பின் மேலேயே நின்றது. டீக்காரர் திரும்பிப் பார்த்தார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. குலையின் உள்பக்கம் கைவிட்டு, அடிபடாத பழமாக இரண்டைத் திருகி எடுத்து, அவன் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"எவ்வளவுக்கா?"

"அதெல்லாம் அப்புறம். இங்க நின்னு பேசிட்டிருக்காத தம்பி. ஓடு. சீக்கிரம் போ."

அவன் சிரித்துக்கொண்டே சாலையைக் கடந்து ஓடினான்.