ஒரே நேரத்தில் ஒளிர்ந்த பத்துப் போன்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு சித்திரை மாதம். நெய்வேலியில், மந்தாரக்குப்பத்தில் இருக்கும் என் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். தங்கியிருந்தேன் என்றால், அடுத்த ஊருக்குக் கிளம்பும்வரை என்று அர்த்தம். பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியதிலிருந்து என் வாழ்க்கை அப்படித்தான். லாரியில் கிளீனர், திருப்பூரில் பிரிண்டிங் பட்டறை, புனேயில் ஓட்டல், பெங்களூரில் செல்போன் சர்வீஸ் கடை. சில ஊர்களில் சாப்பாடு இருந்தது, சில ஊர்களில் இல்லை. இங்கே டவுன்ஷிப் கடைத்தெருவில் ஒரு கடையில் உடைந்த டிஸ்பிளே மாற்றிக்கொண்டிருந்தேன்.

பெங்களூர் கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர் மூலம் எனக்கு இன்னொரு வேலையும் ஒட்டிக்கொண்டது. அவரும் இன்னும் ஐந்தாறு பேரும் வெவ்வேறு ஊர்களில் இருந்துகொண்டு ஒரு ஆப் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதில் செய்தி ஒரு போனிலிருந்து நேராக இன்னொரு போனுக்குப் போகும். நடுவில் எந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டரும் கிடையாது. கணக்குத் தொடங்க போன் நம்பர் வேண்டாம், ஒரு பேர் போதும். இரண்டு போன்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நெட் இல்லாமலே செய்தி மாறிக்கொள்ளும். திரையில் வரும் ஆங்கிலத்தைத் தமிழில் போடுவதும், மட்டமான போன்களில் அது எப்படி ஓடுகிறது என்று பார்த்துச் சொல்வதும் என் பங்கு. சம்பளம் இல்லை. ஆனால் என் சொல்லைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளும் மனிதர்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அக்கா சுரங்கத்தில் ஒரு கண்டிராக்டரிடம் வேலை செய்தாள். கன்வேயர் பெல்ட் ஓரம் சிந்தும் கரியை வாரிப் போடும் வேலை. அவள் குழுவில் பதினொரு பெண்கள். அந்த இடத்துக்குக் கிட்டத்தில் கழிப்பறை கிடையாது. காலை ஆறிலிருந்து இரண்டு மணி ஷிப்ட் முடியும்வரை ஒருத்தியும் தண்ணீர் குடிக்க மாட்டாள். நீர்க்கடுப்பு இல்லாதவள் அந்தக் குழுவிலேயே இல்லை. பதினொரு பேரும் கையெழுத்துப் போட்டுத் தொழிலாளர் அதிகாரியிடம் நேராக மனு கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். விஷயம் கண்டிராக்டரின் சூப்பர்வைசர் காதுக்கு முன்னமே போகக் கூடாது. "எவ பேரு மொதல்ல வருதோ அவளுக்கு கேட் பாஸ் புதுசாவாது" என்று அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். சுரங்கத்துக்குள் விடும் அந்தப் பாஸ் போனால் வேலை போச்சு.

"அந்தாளுக்குத் தெரியாம நாங்க பேசிக்கிற மாதிரி எதனா இருக்காடா?" என்று அக்கா கேட்டாள்.

எனக்கு அதைவிடச் சந்தோஷமான கேள்வி வேறில்லை. இரண்டே நாளில் பதினொரு போன்களிலும் ஆப்பை ஏற்றிக் கொடுத்தேன். "யாராலயும் படிக்க முடியாதுக்கா. ஆப்ப எழுதினவங்களே வந்தாலும் முடியாது" என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஏழரைக்கே அக்கா வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். டிபன் டப்பா திறக்கவே இல்லை.

நடந்தது இதுதான். பெல்ட் பக்கம் போன் கொண்டுபோகக் கூடாது என்பது கண்டிராக்டரின் விதி. ஷெட்டில், செருப்பு ஸ்டாண்டு மாதிரி நம்பர் போட்ட ஒரு இரும்பு ராக் இருக்கும். அந்த ஷிப்டில் இருக்கும் முப்பது பேரும் போனை அதில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். எதிரே சூப்பர்வைசரின் மேசை. முந்தின நாள் சாயங்காலம் அக்கா ஒரு செய்தி எழுதியிருந்தாள். அவள் போனில் நெட் இல்லை, அதனால் அது போகாமல் நின்றிருந்தது. காலையில் போன்களை ராக்கில் வரிசையாக வைத்ததும் அவை ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொண்டன. பெண்கள் பெல்ட்டுக்கு நடந்த கொஞ்ச நேரத்தில் பத்துப் போன்கள் டங் என்று சத்தம் போட்டு ஒளிர்ந்தன. பூட்டிய திரையிலேயே அக்காவின் பேர். அதன் கீழே, "வியாழக்கிழமை மனு குடுக்கறோம், எவளும் பின்வாங்காதீங்கடி" என்ற வரி.

"தீபாவளி மாதிரி எரிஞ்சுதாம்டா" என்றாள் அக்கா. "உன் ஆப்பு நல்லாத்தான் வேல செய்யுது தம்பி. எல்லாருக்கும் போய்ச் சேந்துடுச்சி, அவனுக்கும் சேத்து."

பேர் வந்தது அவள் ஒருத்தியுடையது. பாஸைப் பிடுங்கிக்கொண்டு அவளை மட்டும் அனுப்பிவிட்டார்கள். மற்றவர்கள் எங்களுக்கு எதுவும் தெரியாது என்று தப்பித்தார்கள். அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சோறு இறங்கியிருக்கும்.

போன் என்றால் அது சொந்தக்காரர் கையில்தான் இருக்கும் என்று ஆப் எழுதியவர்கள் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவர்களுக்காவது தெரியாது. புனே ஓட்டலில் முதலாளி தினமும் எங்கள் போன்களை வாங்கிக் கல்லாவில் வைத்துப் பூட்டுவார். அதை அனுபவித்த நானே மறந்துவிட்டேன்.

டவுன்ஷிப் பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஆப் எழுதும் குழுவினரைப் போனில் கூப்பிட்டேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம், இந்தி, தமிழ் எல்லாவற்றையும் கலந்து விஷயத்தைச் சொன்னேன். செய்தியை மறைக்கும் வசதி செட்டிங்ஸில் இருக்கிறதே என்றார் ஒருவர். எங்கள் அக்கா போனில் செட்டிங்ஸை ஒரே ஒருமுறை திறந்தது நான்தான், அதுவும் ரிங்டோன் மாற்ற என்றேன். பத்து நாளில் புதிதாகச் செய்து அனுப்பினார்கள். இனி யாரும் எதையும் மாற்றத் தேவையில்லை. திரையில் பேரும் வராது, வரியும் வராது. "புதிய செய்தி" என்று மட்டும் வரும்.

பெருமையாக அக்காவிடம் காட்டினேன். அவள் அடுத்த தெருவில் இருக்கும் குழுக்காரப் பெண்ணையும் கூப்பிட்டு, என்னுடையதையும் சேர்த்து மூன்று போன்களைத் தரையில் வைத்து, ஒரு செய்தி அனுப்பச் சொன்னாள். டங். இரண்டு போன்கள் ஒளிர்ந்தன.

"எழுத்த மறைச்சிட்ட, சரி" என்றாள். "முப்பது போன்ல எங்களுது மட்டும் ஒண்ணா எரிஞ்சா, ராக்குல எந்தெந்த நம்பருன்னு அவன் குறிச்சிக்க மாட்டானா? அவனுக்குப் படிக்கத் தெரியவே வேணாம்டா. எண்ணத் தெரிஞ்சா போதும்."

பக்கத்திலிருந்த பெண் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படித்தவர்கள் ஆறு பேரும் நானும் சேர்ந்து பார்க்காததை அவள் தரையில் உட்கார்ந்துகொண்டே பார்த்துவிட்டாள். அதோடு விடவில்லை.

"என் பேர நான் எதுக்கு எழுதணும்? என்னைப் பெத்தவங்களும் ஊர்க்காரங்களும் வச்ச பேருதான எனக்கு? அவ போன்ல நான் யாருன்னு அவளே வச்சிக்கட்டும்."

"முறுக்குன்னு வச்சிக்கிறேன்" என்றாள் அந்தப் பெண். "எப்பப் பாரு முறுக்கிகினே திரியற."

மறுபடி பூங்கா, மறுபடி அதே பெஞ்ச். பேர் விஷயத்தை உடனே ஒத்துக்கொண்டார்கள். வெளிச்சத்தில்தான் சண்டை. சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை என்றால் செய்தி வந்தது எப்படித் தெரியும், அப்புறம் அது எதற்கு என்று அந்தக் குழுவிலேயே கண்டிப்பான ஒரு அம்மா கேட்டார். கேள்வி நியாயமானது. கடைக்குத் திரும்பி, ஒரு பில்லின் பின்பக்கம் நான்கு கட்டம் வரைந்தேன். ராக்கில் போன், இருட்டு. செய்தி வருகிறது, அப்போதும் இருட்டு. சொந்தக்காரி போனை எடுத்துப் பூட்டைத் திறக்கிறாள். அப்போது மட்டும் சொல்கிறது. கையில் எடுக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கட்டும் என்று கீழே எழுதி, போட்டோ எடுத்து அனுப்பினேன். பிறகு அந்த அம்மாவே, "நானே இதை எழுதுகிறேன்" என்று அனுப்பியிருந்தார்.

மாற்றிய ஆப் வந்து சேர்ந்தபோது அக்கா வேலையில்லாமல் ஒரு மாதம் ஆகப்போகிறது. இந்த முறையும் செய்தியை எழுதியவள் அவளேதான். பாஸ் இல்லாததால் அவள் போன் கேட்டுக்குள் போக முடியாது. ஆனால் அடுத்த தெருப் பெண்ணின் போன் சாயங்காலமே அந்தச் செய்தியை வாங்கிக்கொண்டது. மறுநாள் அது ராக்கில் போய் உட்கார்ந்து மற்ற ஒன்பது போன்களுக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். அன்று எனக்குக் கடையில் வேலை ஓடவில்லை. ஒரு நல்ல டிஸ்பிளேயை உடைத்தேன்.

மூன்று மணிக்கு அந்தப் பெண் கரி படிந்த முகத்தோடு நேராகக் கடைக்கே வந்துவிட்டாள்.

"அந்தாளு ராக்குக்கு எதிர்லயே குந்திகினு டீ குடிச்சிகினு இருந்தான்ங்க. ஒரு போனும் மூச்சு வுடல. ஷிப்ட் முடிஞ்சி வண்டியில ஏறித் தொறந்து பாக்கறோம், ஒம்போது பேருக்கும் வந்திருக்குது!"

வியாழக்கிழமை டவுன்ஷிப்பில் இருக்கும் அதிகாரியின் அறை வாசலில் பதினொரு பெண்களும் ஒன்றாக நின்றார்கள். முதல் கையெழுத்து என் அக்காவுடையது. மனுவோடு, அவள் பாஸ் ஏன் பறிக்கப்பட்டது என்ற கேள்வியும் கண்டிராக்டருக்குப் போனது. அடுத்த வாரம் பாஸ் திரும்பி வந்தது. ஆடி பிறப்பதற்குள் பெல்ட்டுக்குக் கிட்டத்தில் இரண்டு கழிப்பறையும், துணி மாற்ற ஒரு தகர அறையும் வந்துவிட்டன. "எப்படிடி சேந்தீங்க?" என்று சூப்பர்வைசர் இவர்களைக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். முறுக்கைக் கேளுங்க என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்களாம்.

அந்த ஆப்பை யாரெல்லாம் எங்கே பயன்படுத்துகிறார்கள் என்று எங்களுக்கே தெரியாது, தெரியக் கூடாது என்றுதான் அதைச் செய்தோம். ஆனால் இன்று அதை யார் ஏற்றினாலும், முதல் நாளிலிருந்தே அது அக்கா சொன்ன மாதிரிதான் நடந்துகொள்ளும். ஆப்பின் நிரலில் அந்தப் பகுதிக்கு அவர்கள் வைத்த பேர் நெய்வேலி.

நான் இப்போது வேறு ஊரில் இருக்கிறேன், இங்கும் எத்தனை நாள் என்று தெரியாது. ஆனால் ஏதாவது ஒரு தொழிற்சாலை வாசலில் ராக் நிறையப் போன்கள் இருட்டாகக் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம், அவற்றில் ஒன்றாவது யாரோ ஒருத்தியின் பேச்சைக் காட்டிக்கொடுக்காமல் வைத்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். கணக்கில் தவறிய என் வாழ்க்கையில், நான் நிமிர்ந்து நடப்பது அந்த நிமிடங்களில்தான்.